தூர்வாரும் செலவை யார் ஏற்பது?

இராமநாதபுரம் கடற்கரையில் பெரிய வணிகத் துறைமுகம் ஒன்று வேண்டும் என்று விரும்பும் நண்பர்கள் பலர், அழகன்குளத்தில் கிடைத்த உரோமானிய நாணயங்களையும் பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளையும் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அக்கால மரக்கலத்துக்குப் போதுமாயிருந்த தண்ணீர், இன்றைய பெரிய சரக்குப்பெட்டிக் கப்பலுக்குப் போதாது. அதற்குப் பதினைந்து மீட்டருக்கும் மேல் ஆழம் வேண்டும்.

2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட சேது சமுத்திரத் திட்டத்தை அரசியலாகவும் ஆன்மிகமாகவும் பேசித் தீர்த்த நாம், மணலைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினோம். 12 மீட்டர் ஆழக் கால்வாயை ஒருமுறை தோண்டிவிட்டால் போதாது. வாடைக்காற்றுக் காலத்தில் வடகடலும் (பாக் விரிகுடா), கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலும் (மன்னார் வளைகுடா) கலங்கி மணலை நகர்த்திக்கொண்டே இருப்பதால், ஆண்டுதோறும் தூர்வார வேண்டியிருக்கும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் எழுந்த பின்னர் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. அதே கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால், அரிப்பு எந்த ஊரின் வாசலுக்கு வரும்? அதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது திட்டமிடுவோரின் கடமை.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதையும் மறக்கலாகாது.

அடுத்த கேள்வி சரக்கு. வாலிநோக்கத்து உப்பு, முண்டு மிளகாய், மீன், இறால் ஆகியவற்றைக் கொண்டு ஒரு பெரிய துறைமுகம் பிழைக்காது. இவற்றை ஏற்றுவதற்கு அருகிலேயே தூத்துக்குடி இருக்கிறது. எனவே முப்பது ஆண்டுத் திட்டம் என்றால், ஆழம் குறைந்த கடலிலும் செல்லக்கூடிய கரையோரச் சரக்குக் கலங்களுக்கும் இலங்கையின் தலைமன்னாருக்குச் செல்லும் பயணிகள் கப்பலுக்கும் ஏற்ற சிறிய துறையில் தொடங்கி, சாலைக்கும் இரயில் பாதைக்குமான நிலத்தை இப்போதே ஒதுக்கிவைத்து, சரக்கு வந்த பிறகே அடுத்த கட்டத்துக்குச் செல்வதுதான் முறை. (இப்படிச் சொன்னால் "வளர்ச்சிக்கு எதிரி" என்கிறார்கள், பழகிவிட்டது.)

ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு, எல்லாப் பருவங்களிலும் அளந்த ஆழக் கணக்கையும் மணல் நகர்வுக் கணக்கையும், ஆண்டுத் தூர்வாரும் செலவோடு சேர்த்து, சுருக்கமாக அல்லாமல் முழுமையாகத் தமிழில் அச்சிட்டு, பாம்பன், மண்டபம், கீழக்கரை, மூக்கையூர் மீனவர்களிடம் கொடுத்து அவர்களுடைய கருத்தைக் கேட்க வேண்டும். எந்த மாதம் எந்த இடத்தில் படகு தரைதட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.