48 மைல் ரேடார் 48 மைல் பார்க்குமா?

சேலத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: "48 மைல் ரேடாரைப் பாய்மர உச்சியில் மாட்டினால் 89 கிலோமீட்டருக்குள் எந்தப் படகும் தப்பாது." தவறு.

48 கடல் மைல் என்றால் 89 கிலோமீட்டர்தான், அந்தக் கணக்கு சரி. ஆனால் அது திரையில் காட்டும்படி வைக்கக்கூடிய அதிகபட்ச தூர அளவு மட்டுமே. பூமி வளைந்திருக்கிறதே! ரேடார் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2-ஆல் பெருக்கினால் ரேடாரின் தொடுவானம், அதாவது கடல்மட்டத்தில் அது எட்டும் தூரம், கடல் மைலில் கிடைக்கும். 5 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 5 மைல். எதிரே வரும் கப்பல் 20 மீட்டர் உயரமென்றால் அதற்கு இன்னொரு 10. ஆக, சுமார் 15 மைல். தாழ்வான ஃபைபர் படகோ மிக அருகில் வந்த பிறகுதான் தெரியும்.

ஏற்காடு மலையின் லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் முழுக்கத் தெரிகிறதே, அப்போது ரேடாரைப் பாய்மர உச்சியில் மாட்டினால் என்ன? 5 மீட்டரை 10 ஆக்கினாலும் 7 மைல்தான். உச்சியில் எடை ஏறினால் படகு கூடுதலாகச் சாயும், பக்கத்து அலைகளின் எதிரொலியும் திரையை அடைக்கும். அதனால்தான் பலர் பாய்மரத்தின் நடுப்பகுதியிலோ பின்பக்கத் தனிக் கம்பத்திலோ பொருத்துகிறார்கள்.

இன்னொன்று: ரேடார் அனுப்பும் அலைக் கற்றையின் செங்குத்து அகலம் சுமார் 25 பாகை. படகு 20 பாகை சாய்ந்தால் ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் வானத்தையும்தான் பார்க்கும். படகு சாய்ந்தாலும் ரேடாரை நேராக வைத்திருக்கும் தாங்கிக்குச் செலவழிப்பது மேல்.