போர்டு சம்மதித்துவிட்டதாம்!

விற்றுவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பையனை விற்றுவிட்டார்கள்.

நேற்று ராத்திரி ஒன்றே முக்கால் மணி. கோலாலம்பூர் செந்தூல் ஃப்ளாட்டில் ஃபேனுக்கு அடியில் ஆறிப்போன மைலோவோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் நான் மேனேஜராக இருந்து கிளப் நடத்தும் கால்பந்து விளையாட்டின் 'கண்டினியூ' பொத்தானை அழுத்தினேன். இன்பாக்ஸில் ஒரு செய்தி: கிளப்பின் நலன் கருதி, வந்த விலைக்குப் போர்டு சம்மதித்துவிட்டது. கிளப்பின் நலனாம்! ஆறு சீசனாக அந்த நலனைக் கட்டிக் காத்தது யார், உங்கள் தாத்தாவா?

43ஆம் நம்பர் பையன். பெயர் வேண்டாம், சொன்னால் மறுபடி எரியும். இங்கிலாந்து நாலாம் டிவிஷனில் கிடந்த ஓட்டைக் கிளப்புக்கு, மார்ச் மாதம் அகாடமிக்கு வரும் பொடியன்களோடு வந்தான். வயசு 16. கூட வந்த மற்றவர்களுக்குப் பந்து உருண்டையா சதுரமா என்றே சந்தேகம். இவனுக்கு மட்டும் விடாமுயற்சி 20க்கு 17. அன்றைக்கே முடிவு செய்தேன்: இவனை வைத்துத்தான் டீம், பத்து வருடத்துக்கு.

முட்டியில் அடிபட்டபோது ஊசி போட்டு ஆட வைக்கலாம் என்றார் ஃபிசியோ. மாட்டேன் என்றேன். அந்தக் கோப்பை ஆட்டத்தில் தோற்றோம், ரசிகர்கள் என்னைக் கிழித்தார்கள். பரவாயில்லை, பிள்ளையின் முட்டி முக்கியம். நல்ல பழக்கம் ஒட்டட்டும் என்று கேப்டனோடு சேர்த்துப் பயிற்சிக்கு விட்டேன். கடைசியில் ஒட்டியது கேப்டனின் வாய்தான்.

இந்த ஆகஸ்டில் வந்து நிற்கிறான். பெரிய கிளப்பில் ஆட ஆசையாம். சரி, அமைதியாகப் பேசுவோம் என்று இருப்பதிலேயே சாந்தமான பதிலைத் தேர்ந்தெடுத்தேன்: "உன்னை நம்பித்தான் இந்த டீமே இருக்கிறது." கோபப்பட்டான். தன்மீது சுமையை ஏற்றுகிறேனாம். சரி, பாராட்டிப் பார்ப்போம். "நீ அருமையான ஆட்டக்காரன்." அதற்கும் கோபம். அருமையானவன் என்றால் ஏன் போக விடவில்லை என்கிறான். சரி, சத்தியம் செய்து கொடுத்தேன்: இந்த சீசன் மேல் டிவிஷனுக்கு ஏறாவிட்டால் நீ போகலாம். யோசித்துப் பார்க்கிறேன் என்றான். யோசித்தது அவன் ஏஜெண்ட். மறுநாள் காலை டிரெஸ்ஸிங் ரூமில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், முன்னால் கேப்டன். 34 வயசு, முழங்கால் இரண்டும் காலி, எந்தக் கிளப்பும் சீண்டாதபோது பாவம் பார்த்து ஒரு வருடம் நீட்டித்துக் கொடுத்தேனே, அதே ஆள். "தம்பியை நடத்தும் விதம் சரியில்லை, போக விடுங்கள்" என்கிறார்.

விடவில்லை. ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் கெடுவின் கடைசி நாளில் போர்டு விட்டது. நாலு மில்லியன் பவுண்டுக்கு! மறுநாள் காலை அதே பன்னிரண்டு பேர், அதே நாற்காலி, அதே கேப்டன். "நம் சிறந்த ஆட்டக்காரனை ஏன் விற்றீர்கள்? உங்களுக்கு லட்சியமே இல்லையா?"

மைலோ குவளையைச் சுவரில் அடிக்காமல் விட்டதற்கு எனக்கு ஒரு கோப்பை கொடுக்க வேண்டும்.

போர்டுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றால், கணக்கு அப்படி. பத்து மில்லியன் கொடுத்து ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவனை வாங்கினால் அந்த விலையை வருடத்துக்கு இரண்டு மில்லியன் செலவாகக் கணக்கில் கழிப்பார்கள். சொந்த அகாடமிப் பிள்ளைக்குப் புத்தகத்தில் விலையே இல்லை, அதனால் விற்ற காசு முழுக்க லாபம். பெற்று வளர்த்ததுதான் முதலில் சந்தைக்குப் போகும்.

வாங்கிய மகராசன்களுக்காவது அவன் ஆட்டம் வேண்டுமா? இங்கிலாந்தின் உச்ச டிவிஷனான பிரீமியர் லீக்கில் 25 பேர் பட்டியல். அதில் எட்டு இடம், 21 வயசுக்குள் மூன்று சீசன் இங்கிலாந்து, வேல்ஸ் கிளப்புகளில் பதிவாகி இருந்தவர்களுக்குத்தான். எட்டாவது இடத்தை அடைக்க ஒரு தலை வேண்டும். என் ஆறு வருடத் தவம் அங்கே பெஞ்சில் ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோவைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது. பாஸ்க் மண்ணின் பிள்ளைகளை மட்டுமே வைத்துக்கொண்டு, அந்நாட்டு முதல் டிவிஷனான லா லிகா தொடங்கிய 1929 முதல் ஒருமுறைகூடக் கீழே இறங்காத கிளப். ஆனால் 2018இல் செல்சி வந்து கோல்கீப்பர் கெபாவைத் தூக்கியபோது அவர்கள் கைக்கு 80 மில்லியன் யூரோ வந்தது. எனக்கு நாலு. அதிலும் ஊதியத்துக்கு ஒரு சல்லி தரவில்லை, மைதானத்துக்குப் புல் போடுகிறார்களாம்.

என் கூட்டாளி ஒருவன் பத்துமலைப் பக்கம் இருக்கிறான். அதே விளையாட்டு, அதே டிவிஷன். ஒவ்வொரு ஜூலையும் ஒப்பந்தம் முடிந்த கிழட்டுக் குதிரைகளைச் சும்மா பொறுக்கிப் போடுவான். அகாடமி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. கடன் கழுத்து வரை. இவன் மூழ்குவான், அப்போது சிரிக்கலாம் என்று மூன்று சீசனாகக் காத்திருந்தேன். யாரோ ஒரு கோடீஸ்வரன் அவன் கிளப்பை வாங்கிவிட்டான்! மாமாக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்தபடி எனக்கு அறிவுரை சொல்கிறான்: "மச்சான், நீ ரொம்பத் திட்டம் போடுற லா."

அப்பாவிடம் புலம்பினால் அவர் 1972க்குப் போய்விடுவார். மலேசியா மியூனிக் ஒலிம்பிக்கில் கால்பந்து ஆடிய கதை, அப்புறம் கோல்கீப்பர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் பந்தைப் பிடித்த கதை. "அவங்கல்லாம் திடல்ல ஓடுனாங்கடா. நீ நாற்காலில உக்காந்து வேர்க்குற."

சரி, மனதைத் தேற்றிக்கொண்டு ஜனவரிக்கு ஓட்டினேன். இன்பாக்ஸ். அந்தப் பெரிய கிளப் 43ஆம் நம்பரை லோனுக்கு, அதாவது இரவலாக, தர முன்வருகிறது. எனக்கே! வாரச் சம்பளம் 55,000 பவுண்டு முழுவதையும் நான் கட்ட வேண்டும். என் டீமில் ஆக அதிகச் சம்பளமே 9,000. ஆனாலும் கை நடுங்க ஆர்வம் தெரிவித்தேன், வெட்கம் கெட்டவன். பதில் வந்தது: இவ்வளவு சிறிய கிளப்புக்கு வர ஆட்டக்காரருக்கு விருப்பமில்லை.

சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன். அப்பா எழுந்து வந்து விளக்கைப் போட்டு, "பேய் கீய் புடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு தே ஓ குடித்தால் தேவலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், லிப்டில் அதே காகிதம். 'பழுதுபார்க்கப்படுகிறது.' தீபாவளிக்கு முன்னால் ஒட்டியது, ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. பதினாலு மாடி. மாதா மாதம் பராமரிப்புக் காசு மட்டும் ஒரு நாள் பிந்தக் கூடாது, பிந்தினால் கதவில் சிவப்பு நோட்டீஸ். யார்தான் இதைக் கேட்பது?