மலைப்பாம்பைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்

ஆட்டுக்குட்டியை விழுங்கிவிட்டு வரப்போரமாக நகர முடியாமல் கிடக்கிறது ஒரு மலைப்பாம்பு. சுற்றிலும் கையில் ஃபோனோடு ஊரே நிற்கிறது. ஒருவர் கம்பால் குத்துகிறார், இன்னொருவர் வாலைப் பிடித்து இழுக்கிறார். கடைசியில் அது குட்டியைக் கக்கிவிட, ஒரே கைதட்டல். இந்த மாதிரி வீடியோ வரும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பயந்துபோன பாம்பு, உடம்பை லேசாக்கிக்கொண்டு தப்பிக்கத்தான் கக்குகிறது. ஆட்டைப் பறிகொடுத்தவரின் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் செத்த குட்டி திரும்பி வரப்போவதில்லை. பாம்புக்கோ பல வாரத்துச் சாப்பாடு போச்சு. இரை உள்ளே போனதுமே அதன் உடம்பு பெரிய வேலையை ஆரம்பித்துவிடும். இதன் நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பில் ஆராய்ந்திருக்கிறார்கள்: ஓரிரு நாளிலேயே சிறுகுடலின் எடை இரு மடங்காகிறது, ஈரலும் சிறுநீரகமும்கூடப் பெருக்கின்றன. செரித்து முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடும். அவ்வளவு செலவு செய்து தயாரான உடம்பைத்தான் பாதியில் கலைக்கிறோம்.

அடைகாக்கும் தாயை நினைத்தால் இன்னும் மனசு தாங்கவில்லை. முட்டைகளைக் குவித்து, அவற்றைச் சுற்றிச் சுருண்டு, உச்சியில் தலையை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் இரை எடுக்காது. குளிர்ந்தால் விட்டு விட்டுத் தசைகளை வெட்டி இழுக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் விக்கல் எடுப்பதுபோல் உடம்பு தூக்கிப்போடும். அதில் உண்டாகும் சூட்டில்தான் குஞ்சுகள் வளர்கின்றன. பாம்பு குளிர்ரத்தப் பிராணி என்று படித்த நமக்கு இது ஆச்சரியம்தான். பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 1841-லேயே இந்தச் சூட்டை அளந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட தாயைச் சாக்கில் கட்டி எங்கேயோ காட்டில் விட்டுவிட்டு ‘மீட்பு’ என்று போட்டோ போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த முட்டைகளின் கதி என்ன?

1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் நம் மலைப்பாம்பும் இருக்கிறது; புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. விஷமும் கிடையாது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை நாயையும் பிள்ளைகளையும் தள்ளி நிறுத்தினால் போதும்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2022-ல் கேரளத்தின் காசர்கோட்டில் தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலப்படுத்தும்போது ஒரு பொந்தில் மலைப்பாம்பு அடைகாப்பதைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் மட்டும் 54 நாள் வேலையை நிறுத்தி வைத்தது ஒப்பந்த நிறுவனம். இருந்த 24 முட்டைகளும் பொரித்தன.