39 நிமிடத்தில் ஷாங்காய், சரி, டிக்கெட் விலை?

2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த விண்வெளி மாநாட்டில் ஈலான் மஸ்க் காட்டிய அனிமேஷனை இன்னமும் யாராவது பகிர்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நியூயார்க்கில் படகேறி, கடலில் நிற்கும் மேடைக்குப் போய், ராக்கெட்டில் உட்கார்ந்தால் 39 நிமிடத்தில் ஷாங்காய். கட்டணம் விமானத்தின் எகானமி டிக்கெட் அளவுக்குத்தான் இருக்குமாம். வேகத்தை நம்புகிறேன், அந்த விலைதான் இடிக்கிறது.

திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் விலை விழும் என்பது உண்மைதான். மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் பூஸ்டர், அதாவது கீழ் அடுக்கு, 2015 டிசம்பரில் முதல் தடவை பத்திரமாகத் தரையிறங்கியது, இப்போது ஒரே பூஸ்டர் 30 தடவைக்கு மேல் பறந்துவிட்டது (மேல் அடுக்கு இன்றும் ஒவ்வொரு தடவையும் வீண்தான், அதை யாரும் பேசுவதில்லை). செயற்கைக்கோள் ஏற்றுபவர்களுக்கு 30 என்பது கொழுத்த லாபம். ஆனால் குறுந்தூர விமானம் ஒன்று அந்த முப்பதை ஒரு வாரத்தில் முடித்துவிடும். 1988இல் ஹவாயில் நடுவானில் கூரை பிய்த்துக்கொண்டு போனதே அலோஹா விமானம், அந்த போயிங் 737 அதற்குள் 89,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருந்தது. ராக்கெட் எஞ்சினில் ஒரு பக்கம் மைனஸ் 180 டிகிரியில் திரவ ஆக்சிஜன், கொஞ்சம் தள்ளி 3,000 டிகிரி நெருப்பு. ஒவ்வொரு பயணத்திலும் உலோகம் இந்த இரண்டையும் தாங்கியாக வேண்டும்.

நாசாவின் விண்வெளி ஓடமான ஸ்பேஸ் ஷட்டிலும் இதே கனவுதான். ஒவ்வொன்றும் 100 தடவை பறக்கும் என்று வடிவமைத்தார்கள், அதிகம் பறந்த டிஸ்கவரியே 39இல் நின்றது. ஒவ்வொன்றிலும் 20,000க்கு மேல் வெப்ப ஓடுகள், பறந்து வந்ததும் எல்லாவற்றையும் ஆட்கள் உட்கார்ந்து பரிசோதிக்க வேண்டும். அந்த ஆட்களின் சம்பளமும் மாதக்கணக்கான காத்திருப்பும்தான் செலவு, எரிபொருள் அதன் பக்கத்தில் சில்லறை. இத்தனைக்குப் பிறகும் 2003இல் எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த ஒரு நுரைத்துண்டு இறக்கையில் பட்டு கொலம்பியா ஷட்டில் சிதறியது, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். மொத்தம் 135 பயணத்தில் இரண்டு விபத்து. நாளைக்கு 100 விமானம் கிளம்பும் ஊரில் இதே விகிதம் என்றால் தினமும் ஒன்றாவது விழும்.

மஸ்கின் புதிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப் இதைவிடப் பல மடங்கு தேறலாம், தேறட்டும். ஆனால் அது பத்திரமானது என்று காட்ட ஆளில்லாமல் ஆயிரக்கணக்கில் பறந்தாக வேண்டும், அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? 2025 ஜனவரியில் அது வெடித்துச் சிதறியபோது கரீபியன் வானில் பயணிகள் விமானங்கள் வழி மாறிப் போக வேண்டியிருந்தது. அமெரிக்க விமானப்படை 2021இலேயே ராக்கெட்டில் சரக்கு அனுப்பும் திட்டத்தை அறிவித்தது, அதில் நியாயம் இருக்கிறது. காசைப் பார்க்காத வாடிக்கையாளர், வெடித்தாலும் போவது பெட்டிகள்தான். முதலில் அவர்கள் பத்து வருஷம் ஓட்டட்டும், எகானமி டிக்கெட்டை அப்புறம் பேசலாம்.