முதல் நேர்காணலுக்கு முன்னரே எழுதி முடிக்க வேண்டியவை

மனவடு (போரும் பேரிடரும் மனதில் விட்டுச்செல்லும் காயம்) பற்றி வெளிநாட்டவரோடு சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வுகள் இலங்கையின் வடக்கு கிழக்கில் இன்று பெரும்பாலும் இளையவர்கள் கையில்தான் இருக்கின்றன. லண்டனிலோ மெல்பேர்ணிலோ பிஎச்டி செய்யும் ஒருவர், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ புதிதாக விரிவுரையாளரான ஒருவர், நேர்காணல் செய்ய நாலைந்து பட்டதாரிகள். எல்லோருக்கும் நல்ல மனசு. அதனாலேயே யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. கேட்டால் நம்பிக்கையில்லாதது போல இருக்குமாம். என்னைப் பொறுத்தவரை இது ஆபத்தான நாகரிகம். மூத்த பேராசிரியருக்கு ஒரு ஆய்வு சொதப்பினால் இன்னொன்று இருக்கும், இளையவருக்கு அந்த ஒன்றுதான். நேர்காணல் கொடுத்த மனுசிக்கோ அதுவும் இல்லை.

சுனாமிக்குப் பின் வெளிநாட்டு ஆய்வுக் குழுக்கள் இங்கே வந்திறங்கிய விதம் பற்றி அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இலேயே கேள்வி எழுப்பினார்கள். அதற்குப் பிறகு வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் எல்லாம், யார் எதைச் செய்வது என்று குழுவினர் தமக்குள் எழுதி ஒப்புக்கொள்ளும் மூன்று பக்கத்துக்குத்தான்.

முதலில் எழுத வேண்டியது, ஒருவர் நேர்காணலில் உடைந்துபோனால் என்ன செய்வது என்பது. மனச்சோர்வை அளக்க அநேகமான குழுக்கள் பிஎச்கியூ-9 வினாக்கொத்தைச் சேர்க்கின்றன. அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போவதே மேல் என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டுமென்றோ நினைத்ததுண்டா என்று கேட்கிறது. டேப்லெட்டில் பதிலை அழுத்தியதும் அது வெளிநாட்டு சேர்வருக்குப் போய்விடும். பகுப்பாய்வு தொடங்கும்போதுதான், மூன்று மாதம் கழித்து, ஒருவர் அதைத் திறந்து பார்ப்பார். இது நடக்கக் கூடாது. பூச்சியத்தைத் தவிர, அதாவது ‘இல்லவே இல்லை’ என்பதைத் தவிர, வேறு எந்தப் பதில் வந்தாலும் நேர்காணல் அங்கேயே நிற்க வேண்டும். எண்ணம் எப்போது வந்தது, எப்படிச் செய்வதென்று யோசித்தாரா, அதற்கான பொருள் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்னர் முயன்றிருக்கிறாரா என்று கேட்கப் பயிற்சி வேண்டும். அன்றைக்கே கூப்பிடப் பொறுப்பாளரின் இலக்கம், மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவில் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட ஒருவரின் பெயர், போய்வர வாகனக் காசு ஆகிய மூன்றும் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், காசு வரவுசெலவில் தனி வரியாக. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் அச்சிட்ட துண்டைக் கையில் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. அந்த வைத்தியசாலையில் கிளினிக் எந்தக் கிழமை நடக்கிறது என்றுகூடத் தெரியாமல் ‘பரிந்துரைக்கப்படுவார்’ என்று, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுப்பது பொய்.

நேர்காணல் செய்பவர்களையும் மறக்காதீர்கள். அவர்களில் பலர் அதே இடப்பெயர்வுகளைக் கடந்து வந்தவர்கள். நீண்ட நேர்காணல் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். வாரம் ஒருமுறை ஒரு உளவளத்துணையாளரோடு இருந்து பேச நேரம் ஒதுக்கி, அதற்கும் சம்பளம் கொடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று நேர்காணலுக்குக் காசு கொடுத்தால் அவர்கள் அவசரப்படத்தான் செய்வார்கள்.

அடுத்தது கருவி, அதாவது மனவடுவை அளக்கும் வினாக்கொத்து. அதிகம் பயன்படும் பிசிஎல்-5இல் 20 கேள்விகள், மொத்தப் புள்ளி 0 முதல் 80 வரை. நோய் இருக்கக்கூடும் என்று கொள்ளும் 31 முதல் 33 வரையான வெட்டுப்புள்ளி பெரும்பாலும் அமெரிக்க முன்னாள் படையினரிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது. அதை அப்படியே முல்லைத்தீவில் போட்டு, ‘இத்தனை சதவீதத்தினருக்கு நோய்’ என்று அறிவிப்பதை நான் ஏற்க மாட்டேன். 18 கேள்விகள் கொண்ட ஐடிக்யூ என்ற இன்னொரு வினாக்கொத்து, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 பிரித்துக் காட்டும் சிக்கலான மனவடுவையும் சேர்த்துப் பார்க்கும். எதை எடுத்தாலும் வேலை ஒன்றுதான்: இருவர் தனித்தனியே தமிழாக்கி, இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத இருவர் திருப்பி மொழிபெயர்த்து, குழுவாக இருந்து ஒப்பிட்டு, பிறகு 30, 40 பேரிடம் ‘இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன கேட்கிறது?’ என்று விசாரிக்க வேண்டும். நேரம் போதாதென்று முதலில் வெட்டப்படுவது இந்தக் கடைசிப் படிதான். அதை விட்டால் பின்னர் எந்தப் புள்ளிவிபர வித்தையாலும் மீட்க முடியாது.

தரவைப் பற்றிச் சுருக்கமாக. பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவதில்லை. சின்னக் கிராமத்தில் வயது, காணாமல் போன பிள்ளைகளின் எண்ணிக்கை, காணாமல் போன வருடம் மூன்றும் சேர்ந்தாலே யாரென்று தெரிந்துவிடும். கிராம சேவகர் பிரிவுக்குப் பதில் மாவட்டம், வயதுக்குப் பதில் பத்தாண்டு இடைவெளி போதும். பெயரையும் ஆய்வு இலக்கத்தையும் இணைக்கும் கோப்பு வேறு இடத்தில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும். சொந்த போனில் ஒலிப்பதிவு செய்யவே வேண்டாம். அது தானாகவே கிளவுட்டுக்கு ஏறிவிடலாம். வட்ஸ்அப்பில் அனுப்புவதும் அப்படித்தான்.

தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதி முகாம்களிலும் ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் வெளிநாட்டுக் கூட்டு மருத்துவ ஆய்வுக்கு நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு சுகாதார அமைச்சின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்கும் தொண்டு நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. பெரிய நிறுவனத்துக்கு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று போட்ட திட்டம் இங்கேதான் நின்றுபோகும்.

கட்டுரையில் பெயர் போடும் விடயம்தான் கூடுதல் மனக்கசப்பு தருவது. ஒருவரைக் கட்டுரையின் ஆசிரியராகப் போட மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, வரைவை எழுதியோ திருத்தியோ கொடுத்தல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பொறுப்பேற்றல். களத்தில் ஒரு வருடம் தரவு சேர்த்து, அதன் பொருளையும் விளக்கியவருக்கு முதலாவது இருக்கும். வரைவை அவருக்கு அனுப்பாவிட்டால் இரண்டாவது எப்படி வரும்? பிறகு ‘நிபந்தனை நிறைவேறவில்லை’ என்று நன்றியுரைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வாய்ப்பையே மறுத்துவிட்டுத் தகுதியில்லை என்று சொல்வது கூடாதென்று அதே விதிகள் சொல்கின்றன. ஆகவே எத்தனை கட்டுரை, எதற்கு யார் முதற்பெயர், வரைவைப் படிக்க எத்தனை நாள் அவகாசம், வெளியீட்டுக் கட்டணம் யாருடையது என்பதைத் திகதி போட்டு எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குக் குறைந்தது ஒரு கட்டுரையிலாவது முதற்பெயர், தரவைத் தானே திறந்து ஆராயும் உரிமையோடு.

கூட்ட நேரத்தையும் அந்தத் தாளிலேயே போடுங்கள். மார்கழியில் யாழ்ப்பாணத்தில் மாலை 5.30 என்றால் லண்டனில் நண்பகல், ரொறன்ரோவில் காலை 7, மெல்பேர்ணில் இரவு 11. எல்லோருக்கும் ஏற்ற நேரம் கிடையாது. மாதம் ஒருவராக மாறி மாறித் தூக்கத்தை விடுங்கள். பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறதோ அந்த நாட்டின் அலுவலக நேரத்திலேயே ஒவ்வொரு கூட்டமும் நடக்க வேண்டியதில்லை.