அடுப்பு எரிகிற வீட்டு நாய்

நாய் வளர்க்கலாமா என்று யோசனை கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் தினமும் அடுப்பு எரிகிறதா? என்ன இனம், என்ன விலை, எங்கே கட்டுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சோறு ஆக்காத வீட்டில் நாய்க்கு நல்ல வாழ்வு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்த வீட்டு மனிதர்களுக்கும் இல்லை என்று சேர்த்தே சொல்வேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

காங்கேயம் பக்கத்தில் அம்மாயியின், அதாவது என் அம்மாவின் அம்மாவுடைய, தோட்டத்தில் ஆட்டுப்பட்டி இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம், உள்ளே வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல். மழை குறைந்த அந்த மண்ணில் குடும்பங்கள் ஆடு மாடுகளை நம்பிப் பிழைத்தன. ஆடுகள் இரவில் பட்டி நாயை நம்பிக் கிடந்தன. நாய்க்கென்று தனிச் சமையல் கிடையாது. கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து உரலில் இடிப்பார்கள். உமியைப் புடைத்துவிட்டு மறுபடி இடித்துச் சலித்தால் நொய் தனி, மாவு தனி. உலை கொதித்ததும் நொய்யைப் போட்டு வேகவிட்டு, மாவைக் கரைத்து ஊற்றி, அடிபிடிக்காமல் கிண்டி இறக்கவேண்டும். தோள் வலிக்கிற வேலை. இரவுக்குச் சூடாக ஓர் உருண்டை கம்மஞ்சோறு, நடுவில் குழி செய்து கொள்ளுப் பருப்பு. மிச்ச உருண்டைகள் பானைத் தண்ணீரில் கிடக்கும். விடிந்ததும் அதைப் பிசைந்து மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்போம். அந்தப் புளிப்புக்கும் குளிர்ச்சிக்கும் ஈடாக எந்தக் கடையிலும் நான் எதையும் குடித்ததில்லை.

ஆனால் அந்தக் கரைசலில் முதல் பங்கு எங்களுக்கு வராது. வாசலோரக் கல்தொட்டிக்குத்தான் போகும். "ராத்திரி முழுக்க முழித்துக் கிடந்தவன் முதலில் குடிக்கட்டும் சாமி" என்பார் அம்மாயி.

காவல் காத்த நாயை மதிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டுக் கல். வில்லோடு நிற்கும் வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்தது என்றும் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர் அழிந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் ஏறக்குறைய 1,400 ஆண்டுகளாக நிற்கிறது. எங்கள் பக்கத்துக் குண்டடத்தில் வடுகநாதர் என்ற பெயரில் இருக்கும் பைரவரைக் கும்பிடப் போகிறவர்களுக்கும் தெரியும், அவர் நாயைத்தான் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இப்போது வருகிறேன், "நாய்க்குச் சோறு ஆகாது" என்ற பேச்சுக்கு. தீவனப் பை விற்கிற கடைகளில் இதை அடித்துச் சொல்கிறார்கள். ஓநாய்க்கு வேண்டுமானால் பொருந்தும். 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. மனிதன் தானியம் விளைத்துத் தின்னத் தொடங்கிய பிறகு, அவன் வாசலில் நின்ற விலங்கின் குடலும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. நம்மோடு சேர்ந்து சாப்பிட்டே நாயான உயிர் அது. அதற்காக வெறும் சோற்றை மட்டும் போட்டு வளர்ப்பதையும் நான் ஏற்கமாட்டேன். முட்டையோ மீனோ கறியோ வேண்டும்.

எங்கள் வீட்டு நாய் செவலைக்கு ஆக்கும் முறையைச் சொல்கிறேன். குழைய வெந்த சோறு அல்லது களி, வேகவைத்த பூசணி அல்லது கேரட், ஒரு முட்டை அல்லது எலும்பு நீக்கிய கோழிக்கறி, வெயில் காலமென்றால் கொஞ்சம் நீர்மோர். உப்பு, காரம் போடுவதில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே நம் அரிசிம்பருப்புச் சோற்றை அப்படியே வைக்கக் கூடாது. தாளிப்பதற்கு முன்பே அதன் பங்கை எடுத்துவிடவேண்டும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட் நஞ்சு. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பாசத்தில் பாயசம் ஊட்டுகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போகட்டும். சிறுநீரகக் கோளாறு போல நோய் உள்ள நாய்க்கு மருத்துவர் சொல்கிற உணவுதான், அதில் என் சமையலுக்கு இடமில்லை.

இதையெல்லாம் எழுதத் தூண்டியவர் வெள்ளகோவில் பக்கத்தில் தனியாக இருக்கும் என் அத்தை. மாமா போன பிறகு, பெரிய சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், அவர் ஒருவர்தான். பிள்ளைகள் பெங்களூரிலும் கோவையிலும். ஒருத்திக்காக எதற்கு உலை வைக்கவேண்டும் என்று காலையில் டீயும் வர்க்கியும், மதியம் பக்கத்து மெஸ் பொட்டலம், இரவுக்கு இன்னொரு டீ என்று காலத்தைத் தள்ளினார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பிறகு சாலையில் அடிபட்டுக் கால் நொண்டிய ஒரு குட்டி அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தது. குட்டிக்கு டீயும் வர்க்கியும் கொடுக்க முடியுமா? அடுப்பைப் பற்ற வைத்தார். "இவனுக்கு ஆக்குகிற சாக்கில் எனக்கும் ஒரு வாய் ஆகிறது கண்ணு" என்றார் என்னிடம். இப்போது அங்கே சந்தகை பிழிகிறார், பச்சைப்பயிறு கடைகிறார், ஆட்டுரலைக் கழுவி மறுபடி வைத்திருக்கிறார். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மாத்திரை டப்பா வாங்கித் தருகிற பிள்ளைகள், அவர்கள் யாருக்காகச் சமைக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டுப் பார்க்கலாம். தனக்காக மட்டும் சமைக்க எல்லோருக்கும் மனம் வருவதில்லை.

நாயின் துணை என்று நான் சொல்வது இதைத்தான். கொஞ்சுவது, படம் எடுப்பது எல்லாம் இருக்கட்டும். அது வீட்டுக்கு ஒரு நேரத்தைக் கொடுக்கிறது. மாலையில் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு, கருப்பட்டி கரைத்து, காபி கொதிக்கிற வாசம் வந்ததும் செவலை எழுந்து திண்ணையோரம் போய் உட்கார்ந்துகொள்ளும். காபி அதற்கு ஆகாது, கொடுப்பதும் இல்லை. அதற்கு வேண்டியது நான் வந்து உட்காருவது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே குடித்த காபியின் ருசி எனக்கு நினைவில் நின்றதே இல்லை. பனங்காட்டுப் பக்கமிருந்து விடியற்காலை தெளுவு என்று நாங்கள் சொல்லும் பதநீர் கிடைக்கிற மாதங்களில் இன்னும் சுகம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதை வெயில் ஏறுவதற்குள் குடித்துவிடவேண்டும். அதற்காகக் காலையில் நடக்க வேண்டும், நடையில் செவலையும் வரும். இவ்வளவுதான் என் ஆடம்பரம், இதைவிடப் பெரியது எனக்குத் தேவைப்படவும் இல்லை.

இனி வயிறெரிகிற விஷயம். 2024, 2025ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பகுதிகளில் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்திகள் தொடர்ந்து வந்தன. விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து இழப்பீடு கேட்டார்கள். ஒரே இரவில் பட்டியே போன குடும்பத்திடம் போய் நாய்ப்பாசம் பேச எனக்கு வாய் வராது. அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் பட்டியைக் காத்த உயிர் பட்டியைக் கிழிக்கிற நிலைக்கு எப்படி வந்தது என்றும் கேட்கவேண்டும். கோழிக்கடை, ஆட்டுக்கடைக் கழிவுகளை மூட்டை கட்டி இரவில் பள்ளத்திலும் குளக்கரையிலும் கொட்டுகிறார்கள். வீட்டுப் பங்கு கிடைக்காத நாய்கள் அங்கே கூடுகின்றன, கூட்டமாகின்றன, பச்சை இரத்தத்துக்குப் பழகுகின்றன. கழிவு வராத நாளில் கண்ணில் படுவது வேலிக்குள் நிற்கும் ஆடு. கொட்டுகிறவர்களைப் பிடிக்காமல் நாய்களை மட்டும் விரட்டினால் அடுத்த ஊர்ப் பட்டிக்குத்தான் போகும்.

தெருநாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடும் பொறுப்பு 2023ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சி அமைப்புகளுடையது. கேட்டு வாங்குவது நம் வேலை. அதோடு, சோறு வைக்கிறவருக்கும் பொறுப்பு உண்டு என்பது என் கட்சி. சாப்பாடு மட்டும் போட்டுவிட்டு ஊசி போடாமல் விடுவது பாசம் ஆகாது. வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு மனிதரைக் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. கடித்தாலோ கீறினாலோ மஞ்சளும் காபித்தூளும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் இன்னும் ஊசி போடாத நாய்கள் இருக்கின்றன. என்னிடம் சோறு தின்று பழகியவை, ஆகவே பிடித்துத் தருவது என் பொறுப்பு. கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக மூடிய வண்டி வைத்திருப்பவர்கள் சென்னிமலை, பெருந்துறைப் பக்கம் யாராவது இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். ஞாயிறு வேண்டாம், வார நாளில் காலையிலேயே போய்விட வேண்டும். டீசல் செலவு என்னுடையது. வேலை முடிந்து வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் தயிரும் உண்டு, அதில் பூண்டு தாராளமாகவே இருக்கும்.