ஃபில் பவர் எண் மட்டும் கதகதப்பைச் சொல்லாது

வணக்கம். இராமேசுவரத்திலிருந்து இமயமலையிலுள்ள கேதார்காந்தா மலையேற்றத்துக்குச் செல்லவிருப்பவர்களுக்காக, 800 ஃபில் பவர் கொண்ட டவுன் ஸ்வெட்டர் (பறவையின் மெல்லிறகு அடைத்த குளிர்ச்சட்டை) 650 கொண்டதைவிட எப்போதும் கூடுதல் கதகதப்பைத் தரும் என்று ஒரு பதிவில் எழுதப்பட்டிருக்கிறது. பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒரு அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் மெல்லிறகு எத்தனை கன அங்குலம் புடைத்து நிற்கிறது என்பதையே ஃபில் பவர் குறிக்கிறது. உள்ளே எத்தனை கிராம் இறகு இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. குளிரைத் தடுப்பது இறகுகளுக்கிடையே சிக்கி நிற்கும் காற்று என்பதால், இரண்டையும் பெருக்கியே ஒப்பிட வேண்டும். 800 தர இறகு 60 கிராம் என்றால் 48,000. 650 தர இறகு 90 கிராம் என்றால் 58,500. அளவும் தையலும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதே கூடுதல் கதகதப்பானது. உயர்ந்த எண்ணின் பயன், அதே கதகதப்பைக் குறைந்த எடையில் தருவது. நாள் முழுதும் பை சுமப்பவருக்கு அது பெரிய பயன்தான்.

விவரச்சீட்டிலோ நிறுவனத்தின் விவரப் பக்கத்திலோ ஃபில் வெயிட், அதாவது உள்ளே அடைத்த இறகின் எடை, எத்தனை கிராம் என்று பாருங்கள். ஸ்வெட்டரின் மொத்த எடை வேறு. மார்கழியிலும் மெல்லிய போர்வையே போதுமான நம் கடற்கரையில் உடுத்திப் பார்த்து அறிய வழியில்லை. ஆகவே, இரண்டு ஸ்வெட்டர்கள் கையில் இருந்தால், நன்றாக உதறித் தரையில் விரித்து, அரை மணி நேரம் கழித்து எது எவ்வளவு உயரம் புடைத்திருக்கிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள்.